18-ம் நம்பரும் நம்ம ரெக்கார்டு நோட்டும்

போன செமஸ்டர் சிம்போசியத்தில் பேப்பர் பிரசன்டேஷன் ரவுண்டுக்கு வாலண்டியராக உட்கார்ந்திருந்தேன். நேரம் பார்த்து மணி அடிக்கிற வேலை. இரண்டாம் வருடப் பசங்க மூன்று பேர் இந்தியப் போர் விமானங்களின் வளர்ச்சி பற்றிப் பேசினார்கள். நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தது. ஆறாவதோ ஏழாவதோ ஸ்லைடில் ஒரு சின்ன விமானம், பின்னால் நெருப்பு, பெரிய எழுத்தில் 'ஸ்ரீநகர் 1971: ஒரே விமானி ஆறு சேபர்களை வீழ்த்தினார்!' ஹால் முழுக்கக் கைதட்டல். கடைசி வரிசையிலிருந்து விசில்.

கேள்வி நேரத்தில் நடுவர்கள் அதைத் தொடவில்லை. நான் வாலண்டியர்தானே, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தம்பி, ஆறு விமானத்தை வீழ்த்தினாரா, ஆறு விமானத்தோட மோதினாரா?" என்று கேட்டுவிட்டேன். பேசிக்கொண்டிருந்தவன் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தான். "ஒரு இம்பாக்ட்டுக்காகப் போட்டோம்ணா" என்றான். ஹாலில் சிரிப்பு. அவங்களுக்கு இரண்டாம் பரிசும் கிடைத்தது.

ராத்திரி ஹாஸ்டலில் ரூம்மேட் பிடித்துக்கொண்டான். "டேய், அவரு நாட்டுக்காக உயிரை விட்டவரு. அவர்கிட்டயும் போய் கணக்கு பார்க்கிறியா?" அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. இப்போது இருக்கிறது, கொஞ்சம் நீளம்.

முதலில் ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஃப்ளையிங் ஆஃபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன். லூதியானா பக்கம் இசேவால் கிராமம். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே ஆள், அதுவும் மறைவுக்குப் பிறகு. அவர் இருந்தது 18-ம் ஸ்குவாட்ரன், பட்டப்பெயர் 'ஃப்ளையிங் புல்லட்ஸ்'. 1965 ஏப்ரல் 15-ல் நேட் விமானங்களோடு தொடங்கப்பட்ட படையணி அது. சூலூர் ஓடுபாதையிலிருந்து கிளம்பி நம்ம கிளாஸ் ஜன்னலை அதிரவைத்த தேஜஸ்களில் ஒரு பகுதி இதே 18-ம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவைதான். அந்தச் சத்தம் கேட்கும்போது சார் பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாரே, அது. அதனால் இந்தக் கதை நமக்கு ஏதோ தூரத்துக் காஷ்மீர்க் கதை இல்லை.

நேட் பற்றித் தெரியாதவர்களுக்கு: நீளம் 9 மீட்டருக்கும் குறைவு, இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 7 மீட்டர்கூட வராது. நம்ம காலேஜ் பஸ்ஸைவிடச் சின்னது. பிரிட்டனின் ஃபோலாண்ட் கம்பெனியில் டெடி பெட்டர் என்ற வடிவமைப்பாளர் செய்தது, 1955-ல் முதலில் பறந்தது. போர் விமானங்கள் வருஷத்துக்கு வருஷம் கனமாகவும் சிக்கலாகவும் விலை அதிகமாகவும் போவது பைத்தியக்காரத்தனம் என்பது பெட்டரின் கருத்து. கான்பெரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த அதே ஆள். கடைசியில் விமானத் தொழிலையே விட்டுவிட்டு சுவிட்சர்லாந்தில் ஒரு மதக் குழுவோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அது தனிக் கதை. பிரிட்டன் நேட்டைப் பயிற்சி விமானமாக மட்டும் எடுத்துக்கொண்டது. போர் விமானமாகப் பெரிய அளவில் வாங்கியதும், லைசென்ஸ் எடுத்து பெங்களூர் எச்.ஏ.எல்-லில் கட்டியதும் இந்தியாதான்.

ஏன் இந்தப் பூச்சிக்கு இவ்வளவு பெயர்? (நேட் என்றால் கொசு மாதிரி ஒரு குட்டிப் பூச்சி.) இரண்டாம் வருட மெக்கானிக்ஸ் போதும். ஆர்ஃபியஸ் எஞ்சினின் உந்துவிசை ஏறத்தாழ 4,700 பவுண்டு. வெளியே எதுவும் தொங்கவிடாமல் பறக்கும் நேட்டின் எடை ஏறத்தாழ 6,650 பவுண்டு. விசைக்கும் எடைக்கும் உள்ள விகிதம் 0.7. எதிரில் வந்த எஃப்-86 சேபருக்கு அதே விகிதம் 0.4 பக்கம்தான். சின்ன உடம்பு என்பதால் தூரத்திலிருந்து கண்ணுக்கும் சட்டென்று அகப்படாது. 1965 போரில் நேட்டுக்கு 'சேபர் ஸ்லேயர்' என்று பெயர் வந்தது. இதுவரைக்கும் எல்லா யூடியூப் வீடியோவிலும் இருக்கும்.

வீடியோவில் இல்லாததைச் சொல்கிறேன். நேட்டில் இரண்டு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கி. ஒவ்வொன்றுக்கும் 115 குண்டு. நிமிடத்துக்கு 1,200 குண்டு வேகத்தில் போட்டால் மொத்தமே ஆறு வினாடிக்கும் குறைவு. அந்த ஆறு வினாடியும் நம்பிக்கையானது இல்லை. சண்டை நடுவில் பீரங்கி ஜாம் ஆவது நேட் விமானிகளின் தீராத புகார். ஹைட்ராலிக் அமைப்பும், வால் பகுதியில் மூக்கை ஏற்றி இறக்கும் கட்டுப்பாடும் இன்னொரு தலைவலி. பின்லாந்து ஒரு டஜன் சொச்சம் நேட் வாங்கியது. 1958-ல் ஹைட்ராலிக் கோளாறால் ஒன்று விழுந்ததும், மிச்சம் இருந்ததையெல்லாம் பல மாதம் தரையிலேயே நிறுத்திவைத்தார்கள். இந்தியா பிற்பாடு நேட்டை மாற்றி அஜீத் என்று செய்தபோது கைவைத்த இடங்களில் இந்த ஹைட்ராலிக்கும் கட்டுப்பாடும் உண்டு. சரியாக இருப்பதை யாரும் மாற்ற மாட்டார்கள் இல்லையா?

இப்போது ஸ்ரீநகர். 1948-ல் ஏற்பட்ட சர்வதேச உடன்பாடு காரணமாக அங்கே போர் விமானங்களை நிறுத்துவதில்லை என்று இருந்தது. 1971 டிசம்பர் 3-ல் போர் வெடித்த பிறகுதான் 18-ம் ஸ்குவாட்ரனின் ஒரு பிரிவு அங்கே இருந்து பாதுகாக்க வேண்டிய நிலை. அதனால்தான் 'காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் காவலர்கள்' என்ற பெயரும் இந்தப் படையணிக்கு உண்டு. ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று யோசியுங்கள். விமானிகளுக்கு அந்த இடம் பழக்கமில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் உயரம், காற்றின் அடர்த்தி நம்ம கோவையைவிடக் கணிசமாகக் குறைவு, டிசம்பர் குளிர். சுற்றிலும் மலை. தாழப் பறந்து வருகிற விமானத்தை ரேடார் முன்கூட்டியே பார்க்க முடியாது. மலை மேல் ஆட்களை உட்காரவைத்து, கண்ணால் பார்த்து ரேடியோவில் சொல்லச் சொல்லும் ஏற்பாடுதான் எச்சரிக்கை. எச்சரிக்கைக்கும் குண்டுக்கும் இடையில் சில நிமிடம்தான் கிடைக்கும்.

டிசம்பர் 14 காலை. பனிமூட்டம். பெஷாவரிலிருந்து ஆறு சேபர்கள் வந்தன. ஸ்ரீநகரில் தயார் நிலையில் இருந்தவை இரண்டு நேட்கள். முதலாவதில் ஃப்ளைட் லெப்டினன்ட் பல்தீர் சிங் குமன், இரண்டாவதில் செகோன். குமன் மேலே கிளம்பிவிட்டார். அவர் கிளப்பிய புழுதி அடங்காமல் செகோன் உடனே ஓட முடியவில்லை. இதை யாரும் ரீல்ஸில் போடுவதில்லை. ஆனால் எனக்கு இந்தக் கதையிலேயே மறக்க முடியாதது அந்தப் புழுதிதான். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, எதிரே ஒன்றும் தெரியவில்லை, தலைக்கு மேல் எதிரி வந்தாகிவிட்டது. காக்பிட்டைத் திறந்து இறங்கி பதுங்குகுழிக்கு ஓடியிருந்தால் ஒருத்தரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தாக்குதல் நடந்துகொண்டிருக்கும்போதே அவர் ஓடுபாதையில் வேகமெடுத்தார்.

கிளம்பின கையோடு இரண்டு சேபர்களைத் துரத்தினார். குமனால் பனிமூட்டத்தில் அவரைக் கண்டுபிடித்து உதவிக்கு வர முடியவில்லை. மரங்களின் உயரத்தில் வட்டமடித்துச் சண்டை. மற்ற சேபர்களும் சேர்ந்துகொண்டன. நேட்டுக்கு அடிபட்டது. தளத்துக்குத் திரும்பச் சொன்னார்கள். கொஞ்ச தூரம் நேராகப் பறந்த விமானம் திடீரென்று கவிழ்ந்து விழுந்தது. கட்டுப்பாட்டு அமைப்பு செயலிழந்திருக்கலாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். கடைசி நொடியில் வெளியே குதிக்க முயன்றிருக்கிறார், காக்பிட் மூடி பறந்துபோனதைப் பார்த்திருக்கிறார்கள். உயரம் போதவில்லை. சிதைந்த விமானம் ஒரு பள்ளத்தில் கிடைத்தது. அவர் உடல் கிடைக்கவே இல்லை.

சரி, எத்தனை சேபர்? பரம்வீர் சக்ராவுக்கான அரசு அறிவிப்பிலேயே, இரண்டு எதிரி விமானங்களைச் சேதப்படுத்தினார் என்றுதான் இருக்கிறது. வீழ்த்தினார் என்று இல்லை. இரண்டை வீழ்த்தினார் என்பது பிறகு நம்ம பக்கம் பரவலாகிவிட்ட வழக்கு. பாகிஸ்தான் தரப்பு ஆறும் திரும்பி வந்துவிட்டன என்கிறது. ஆறை வீழ்த்தினார் என்பது எந்த நாட்டிலும் எந்த ஆவணத்திலும் இல்லை, நம்ம சிம்போசிய ஸ்லைடைத் தவிர.

இங்கேதான் ரூம்மேட் சொல்வான்: "எதிரி சொல்றதை நம்புறியா? அவன் பொய் சொல்வான்ல?" சொல்வான்தான். நானும் அவன் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் வான் சண்டையில் கணக்கு தப்புவதற்குப் பொய்யே தேவையில்லை. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மன் விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பிறகு ஜெர்மன் ஆவணங்களைப் பார்த்தால் ஏறத்தாழ 60. விமானிகள் புளுகவில்லை. மணிக்கு பல நூறு கிலோமீட்டர் வேகத்தில், கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற இரண்டு வினாடியில், புகைவிட்டுக் கீழே போகிற ஒரே விமானத்தை மூன்று பேர் தன்னுடையது என்று நினைப்பார்கள். புகைவிட்டுப் போனது மரத்தை உரசிக்கொண்டு வீடு போய்ச் சேரும்.

நேட்டின் முதல் வெற்றியிலேயே இது இருக்கிறது. 1965 செப்டம்பர் 3-ல் 23-ம் ஸ்குவாட்ரனின் ட்ரெவர் கீலர் ஒரு சேபரை வீழ்த்தியதாகப் பதிவாகி வீர் சக்ரா பெற்றார். அந்த சேபர் பலத்த சேதத்தோடு தளத்துக்குத் திரும்பிவிட்டது என்பது பாகிஸ்தான் பதிவு. அதே நாளில் இன்னொரு நேட் பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் போய் இறங்கியது. ஓட்டியவர் பிரிஜ்பால் சிங் சிகந்த். விமானக் கோளாறில் வழி தவறி, நம்ம தளம் என்று நினைத்து இறங்கினார் என்பது இந்தப் பக்கம். எங்கள் எஃப்-104-ஐப் பார்த்துச் சரணடைந்தார் என்பது அந்தப் பக்கம். அந்த நேட் இன்றைக்கும் கராச்சியில் விமானப்படை மியூசியத்தில் நிற்கிறது. இரண்டு பக்கமும் சேர்த்து வாசித்தால்தான் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று ஓரளவு உருவம் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் வாசித்தால் கிடைப்பது பரிசளிப்பு விழா உரை.

என்னைக் கேட்டால், செகோனுக்கு அந்த ஆறு தேவையில்லை. இரண்டுகூடத் தேவையில்லை. அவரைச் சுட்டு வீழ்த்திய பாகிஸ்தான் விமானி சலீம் பெய்க் மிர்சாவே பிற்பாடு எழுதிய கட்டுரையில் அவருடைய திறமையையும் துணிச்சலையும் பாராட்டியிருக்கிறார். எதிரி விமானம் ஒன்றுகூட விழவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், புழுதிக்குள் எஞ்சினை முறுக்கிக்கொண்டு கிளம்பினது குறைந்துபோய்விடுமா? ஆறு என்று போட்டதில் ஒரு கெட்ட காரியமும் நடக்கிறது. ஆறையும் வீழ்த்தியிருந்தால் சண்டை சுலபமாக இருந்திருக்கிறது என்றாகிறது. நேட் அபார விமானம் என்றாகிறது. பிறகு பீரங்கி ஏன் ஜாம் ஆனது, கட்டுப்பாடு ஏன் போனது, ரேடார் ஏன் இல்லை, ஒரு புழுதி மேகத்துக்காக இரண்டாவது விமானம் ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது என்று யாரும் கேட்கப்போவதில்லை. விடை சரியாக வந்துவிட்ட கணக்குக்கு யார் ஸ்டெப்பைத் திருப்பிப் பார்ப்பார்கள்?

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப்பில் ஆரிஃபிஸ் மீட்டர் பரிசோதனை ஞாபகம் இருக்கிறதா? குணகம் 0.62 வர வேண்டும் என்று சீனியர் ரெக்கார்டு சொல்கிறது. எங்க பேட்ச்சுக்கு வந்தது 0.71. மானோமீட்டரில் காற்றுக் குமிழி இருந்ததோ, டேங்க் வால்வு ஒழுகியதோ, தெரியாது. நாங்கள் என்ன செய்தோம்? 0.62-ஐ வைத்துக்கொண்டு பின்பக்கமாகக் கணக்குப் போட்டு ரீடிங்கை எழுதினோம். நானும்தான். என் ரெக்கார்டில் 0.62, 0.63, 0.62. பத்துக்குப் பத்து. வைவாவில் ஒரு கேள்வியும் இல்லை. எல்லாருக்கும் ஒரே விடை வந்திருக்கிறதே என்று யாரும் ஆச்சரியப்படவும் இல்லை. அந்த வால்வு இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தால் ஆச்சரியமில்லை. நாலு வருஷ ஜூனியர்கள் அதே 0.62-ஐ எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அந்த ஸ்லைடைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்ததற்கு உண்மையான காரணம் இதுதான். ஸ்லைடு போட்டவன் மேல் இல்லை. "ஒரு இம்பாக்ட்டுக்காக" என்று அவன் சொன்னது, நான் ரெக்கார்டு எழுதியபோது எனக்குள்ளே சொல்லிக்கொண்டது. லேப்பில் பொய் ரீடிங் எழுதினால் யாரும் சாகப்போவதில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் கை பழகுவது எதற்கு? நம்மில் பத்துப் பேராவது எச்.ஏ.எல், டி.ஆர்.டி.ஓ, இல்லையென்றால் கோவையில் அவர்களுக்குப் பார்ட் செய்து கொடுக்கிற ஏதாவது ஒரு மெஷின் ஷாப் என்று போய்ச் சேருவோம். அங்கே டாலரன்ஸ் தாண்டின ரீடிங் ஒன்று வரும், சாயங்காலம் டெலிவரி என்று மேலே இருந்து போன் வரும். அன்றைக்குக் கை எந்தப் பக்கம் போகும்?

18-ம் ஸ்குவாட்ரன் கதை ஸ்ரீநகரோடு முடியவில்லை. பின்னாளில் அது மிக்-27-க்கு மாறியது. 2015 நவம்பரில் ஜனாதிபதியின் கொடி வாங்கியது. அடுத்த ஆறு மாதத்துக்குள், 2016 ஏப்ரல் 15 அன்று, சரியாக அதன் பிறந்த நாளில், 'நம்பர் பிளேட்' செய்யப்பட்டது. விமானப்படை வழக்கில் இந்த வார்த்தைக்கு, விமானங்கள் ஓய்வு பெற்றுப் படையணி கலைந்து, எண் மட்டும் எடுத்து வைக்கப்படுகிறது என்று அர்த்தம். பரம்வீர் சக்ரா வாங்கிய படையணியையும் இப்படிக் கலைத்ததற்கு ஒரே காரணம், பழைய விமானம் தேய்ந்துபோனது, புதியது தயாராகவில்லை. 2020 ஏப்ரல் 1-ல் சூலூரில் அந்த எண்ணுக்கு மறுபடி உயிர் வந்தது. மே 27-ல் தேஜஸ் வந்து சேர்ந்தது. அப்போது நாம் பள்ளியில், லாக்டவுனில், ஆன்லைன் கிளாஸில் வீடியோவை ஆஃப் பண்ணிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தோம்.

தேஜஸ் திட்டம் தொடங்கியது 1983. முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. அதற்கென்று தொடங்கிய காவேரி எஞ்சின் போதுமான விசை தராமல், 2008-ல் தேஜஸிலிருந்து பிரிக்கப்பட்டது. இன்றைக்கும் உள்ளே ஓடுவது அமெரிக்க ஜி.இ. எஃப்-404. 2021-ல் 83 விமானங்களுக்கு ஆர்டர் போட்ட மார்க்-1ஏ, 2024-ல் வரத் தொடங்க வேண்டியது, தள்ளிப்போனதற்கு எஞ்சின் வந்து சேராதது ஒரு முக்கியக் காரணம். 2025 செப்டம்பரில் மிக்-21 விடைபெற்றபோது விமானப்படையிடம் இருந்த போர் ஸ்குவாட்ரன்கள் 29. அனுமதிக்கப்பட்டது 42. நேட் காலத்திலும் இதே பாட்டுத்தான். கர்ட் டாங்க் வடிவமைத்த எச்.எஃப்-24 மாருத், நேட்டின் அதே ஆர்ஃபியஸ் குடும்பத்து எஞ்சினை இரண்டாகப் போட்டுக்கொண்டு, வடிவத்துக்கு ஏற்ற வேகம் எட்ட முடியாமலேயே ஓய்வு பெற்றது. அறுபது வருஷமாக எஞ்சின் என்ற ஒரே கேள்வியில் அரியர் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இதைச் சொன்னால் "நம்ம விமானத்தை மட்டம் தட்டுறான்" என்பார்கள். நான் தேஜஸ் ரசிகன். அதன் கட்டுப்பாட்டு அமைப்பைப் பாருங்கள். விமானத்தைத் தெரிந்தே நிலைத்தன்மை இல்லாமல் வடிவமைத்து, கம்ப்யூட்டர்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. ஒன்று கெட்டால் இன்னொன்று என்று நான்கு தனித்தனி சேனல்கள். அதை எழுதிய பெங்களூர் குழு ஒவ்வொரு தவறையும் தேடித்தேடிப் பதிவு செய்து, திருத்தி, மறுபடி சோதித்துத்தான் அதைப் பறக்கவிட்டது. நேட் மாதிரி வால் கட்டுப்பாடு சதி செய்த விமானங்களின் விபத்து அறிக்கைகளை உலகம் முழுக்க யாரோ நேர்மையாக எழுதிவைத்திருந்ததால்தான் இப்படி நான்கு சேனல் வேண்டும் என்ற அறிவே நமக்கு வந்தது.

2024 மார்ச்சில் ஜெய்சல்மேர் அருகே ஒரு தேஜஸ் விழுந்தது, விமானி தப்பினார். 2025 நவம்பரில் துபாய் விமானக் கண்காட்சியில் இன்னொன்று விழுந்தது, விமானி இறந்தார். அவர் உடல் சூலூருக்குத்தான் வந்தது. அந்த இரண்டு நாளும் நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன ஓடியது என்று ஞாபகம் இருக்கிறதா? ஒரு கோஷ்டி, இதுக்குத்தான் சொன்னோம் இந்திய விமானம் டப்பா என்று. இன்னொரு கோஷ்டி, வெளிநாட்டுச் சதி, நம்ம விமானத்தில் கோளாறு வரவே வராது என்று. விசாரணை முடியட்டும் என்று சொன்ன ஒருத்திக்கு இரண்டு பக்கமும் திட்டு. ஆறு சேபர் ஸ்லைடுக்குக் கை தட்டின ஹாலும் இந்த குரூப்பும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை.

இன்னொரு குறையும் உண்டு, இது என் மேலும்தான். இவ்வளவு எழுதியும் விமானிகள் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் 14 காலையில், அந்தக் குளிரில், அந்த இரண்டு நேட்களுக்கும் எரிபொருள் ஏற்றினவர்கள், 115 குண்டுப் பட்டையை ஜாம் ஆகாமல் அடுக்கினவர்கள், ஹைட்ராலிக் பிரஷர் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். நேட் தரையோடு ஒட்டி நிற்கும், ஏணி இல்லாமலே வேலை பார்க்கலாம். விரல் மரத்துப்போகிற குளிரில் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடித்தவனுக்குத் தெரியும். செகோன் புழுதிக்குள் கிளம்பியபோது எஞ்சின் ஏமாற்றவில்லை என்றால் அதற்கு யாரோ ஒரு கார்ப்போரல் காரணம்.

இந்தக் கட்டுரையின் முதல் டிராஃப்டை அந்த இரண்டாம் வருடப் பசங்களுக்கே அனுப்பினேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். மூன்று நாள் பதிலே இல்லை. நேற்று ராத்திரி திருத்தின ஸ்லைடு ஒன்று வந்தது. நெருப்புப் படம் போய்விட்டது. 'இரண்டு சேபர்கள் சேதம்: இந்திய அரசு அறிவிப்பு. இழப்பு இல்லை: பாகிஸ்தான் தரப்பு' என்று இரண்டு வரி. அதற்குக் கீழே ஓடுபாதையின் வரைபடம், முதல் விமானம் கிளம்பின இடத்தில் பென்சிலில் கிறுக்கின மாதிரி ஒரு புழுதி மேகம். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: "அண்ணா, அந்த கார்ப்போரல்கள் பேரெல்லாம் எங்க கிடைக்கும்? சூலூர்ல போய்க் கேட்டா சொல்லுவாங்களா?"

சனிக்கிழமை லேப் இல்லை. கேட் வரைக்குமாவது போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.